மருதம்பட்டையும் கிளினிக் குளிசையும்

இருதய வருத்தம் உள்ளவர்கள் கிளினிக்கில் தரும் குளிசையை ஒதுக்கிவிட்டு மூலிகைக் குளிசைப் போத்தல்களை நாடுவதைப் படுவான்கரைக் கிராமங்களில் நாம் காண்கிறோம். “இரத்தக் குழாய் அடைப்பைக் கரைக்கும், சத்திரசிகிச்சை வேண்டாம்” என்று சொல்லி விற்கிறார்கள். காணியும் மாடும் இழந்து கூலிக்குப் போகும் குடும்பம், பல நாட் கூலியை ஒரு போத்தலுக்குக் கொடுக்கிறது. ஆஸ்பத்திரிக் குளிசையோ இலவசம்.

மூலிகையை இகழ்வது எமது எண்ணமல்ல. குளக்கட்டிலும் ஆற்றோரத்திலும் நிற்கும் மருதமரத்தின் பட்டையை எமது பரியாரிமார் நெடுங்காலமாக நெஞ்சு வருத்தத்திற்குக் கொடுத்து வந்துள்ளனர். (சுற்றிவர உரித்தால் மரம் பட்டுப்போகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும், இன்று உரிப்பவர்களுக்குத் தெரிவதில்லை.) இந்தியாவில் இதை முறையாகவே பரிசோதித்திருக்கிறார்கள். 2002இல் வெளிவந்த ஆய்வொன்றில், நடந்தால் நெஞ்சு நோகும் 58 ஆண்களுக்கு 500 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை கொடுத்தபோது நோவு குறைந்தது. 2004இல், புகைபிடிக்கும் 18 பேருக்கு இரண்டு வாரம் கொடுத்துக் கைநாடியை அளந்தபோது, புகையால் விரியும் தன்மை குன்றியிருந்த குழாய் முன்னையிலும் நன்றாக விரிந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரத்தக் குழாய் மண் அடைத்த வாய்க்கால் அல்ல, மண்வெட்டியால் வாரிவிட. அதன் உட்சுவர் உயிருள்ளது; தேவை கூடும்போது தானே விரிந்து கொடுக்கும். புகையும் சீனி வருத்தமும் பிரஷரும் அந்தச் சுவரையே கெடுக்கின்றன. ஆய்வில் மருது காட்டியது விரியும் தன்மையில் ஒரு முன்னேற்றம். அடைப்பு கரைந்ததாக அங்கே யாரும் சொல்லவில்லை. அதுவும் இருதய நோயாளரிடத்தில் அல்ல, வெறும் புகைபிடிப்பவர்களிடத்தில். டில்லி எய்ம்ஸ் வைத்தியசாலையில் இருதயம் பலவீனமான 100 பேருக்கு, வழமையான மருந்துகளோடு சேர்த்து 12 வாரம் பட்டைச்சாறு கொடுத்துப் பார்த்தார்கள். இருதயம் இரத்தத்தைத் தள்ளும் வலு கூடவில்லை என்று 2016இல் அறிவித்தார்கள். ஆகவே மருது துணைக்கு வரலாம். குளிசையின் இடத்தை அதற்குக் கொடுக்க முடியாது. சுருட்டை விடாமல் கஷாயம் குடிப்பவரைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது!

சேர்த்துக் குடிப்பதிலும் அவதானம் வேண்டும். அஸ்பிரின் அல்லது வார்பரின் எடுப்பவர் உள்ளிக் குளிசையையும் விழுங்கினால் இரத்தக்கசிவு ஏற்படலாம். அதிமதுரம் தொடர்ந்து குடித்தால் பிரஷர் ஏறும், உடம்பில் பொட்டாசியம் இறங்கும். நீர்க்குளிசையும் டிஜொக்சினும் எடுப்பவருக்கு இது ஆபத்து. டிஜொக்சினும் ஒரு செடியின் இலையிலிருந்து வந்ததுதான். ஆனால் அதன் அளவு குளிசையில் எழுதியிருக்கிறது.

இவற்றை டொக்டரிடம் ஏன் சொல்வதில்லை என்று கேட்டால், “சொன்னால் ஏசுவார்கள்” என்பதே பதில். இதில் எமது மக்களை மட்டும் குறைகூற நாம் தயாரில்லை. 1990இலும் 2007இலும் உடுத்த துணியோடு ஓடியவர்கள் கிளினிக் கொப்பியையும் விட்டுத்தான் ஓடினார்கள். 2022இல் ஆஸ்பத்திரிகளிலேயே மருந்து தட்டுப்பட்டது. அப்போதெல்லாம் கைகொடுத்தது பட்டையும் வேரும்தான். கிளினிக்கில் ஏசாமல், “வேறு என்ன குடிக்கிறீர்கள்?” என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். பதிவுபெற்ற சித்த வைத்தியரும் “ஆஸ்பத்திரிக் குளிசையை நிறுத்தாதே” என்று சொல்ல வேண்டும்.

அடுத்த கிளினிக்கிற்குப் போகும்போது கொப்பியோடு அந்தப் போத்தலையும், பட்டைத்தூள் என்றால் அதில் ஒரு பிடியையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். நெஞ்சு இறுகி, வியர்த்து, நோவு இடக்கைக்கோ தாடைக்கோ ஏறினால் கஷாயம் காய்ச்சிக்கொண்டு நிற்க வேண்டாம். இலவச அம்புலன்ஸ் இலக்கம் 1990. அந்த எண் எமக்கு வேறொன்றையும் நினைவூட்டும். இருந்தாலும் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.