தவில் கேட்ட செவிக்கு ஜாஸ் இசை

ஜாஸ் என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தே நம்மவருள் மூத்தோர் முகஞ்சுளிப்பர். இளையோரோ அது தமக்கு எட்டாத பொருளெனக் கருதி ஒதுங்குவர். முன்னவர்க்கு அது மேனாட்டு ஆரவாரம்; பின்னவர்க்கு அது கொழும்புச் செல்வர் வீட்டு விருந்திசை. இவ்விரு எண்ணங்களும் பொருந்தா. வற்றாப்பளைப் பொங்கலிற் பறையொலி கேட்டு வளர்ந்த செவிகளும், கோயில் திருவிழாக்களில் நள்ளிரவு கடந்தும் தவிற் கச்சேரிக்குக் காத்திருந்த செவிகளும் வன்னியிலே பல. அச்செவிகளுக்கு இவ்விசை அந்நியமன்று என்பதே எமது துணிபு. எங்கிருந்து தொடங்குவது என வினவும் மாணவர் பொருட்டும், அவர்தம் பெற்றோர் பொருட்டும் இவ்வாரம் சில இசைத்தட்டுகளை முறைப்படுத்திக் கூறுவோம்.

முதலிற் கேட்க வேண்டியது டேவ் புறூபெக் குழுவினரின் 'ரைம் அவுட்' என்னும் 1959ஆம் ஆண்டு இசைத்தட்டு. அதற்கு முந்திய ஆண்டிலேதான் இவர் சென்னைக்கும் கொழும்புக்கும் வந்து வாசித்துச் சென்றார். இத்தட்டில் உள்ள 'ரேக் ஃபைவ்' என்னும் உருப்படி ஐந்து எண்ணிக்கையில் நடப்பது. 'தகிட தக, தகிட தக' என்று தொடையிலே தட்டிக்கொண்டு கேளுங்கள்; வழி தவற மாட்டீர்கள். 'புளூ றொண்டோ' என்னும் மற்றொன்று 'தக தக தக தகிட' என ஒன்பதாய் ஓடும். மேனாட்டார் அக்காலத்திலே இவற்றைப் புதுமை எனக் கொண்டாடினர். நம் தவில் வித்துவான்களின் வீட்டுப் பிள்ளைகளுக்கோ இவை பாலபாடம். எனவே பிறர் தயங்கும் இடத்தில் நமக்குத் தயக்கம் வேண்டியதில்லை.

அடுத்து, 'சோல் ஜாஸ்' என்னும் வகை. ஆன்மாவின் இசை என இதனைப் பொருள் கொள்ளலாம். அமெரிக்கக் கறுப்பின மக்கள் தம் தேவாலயங்களிலே பாடிய பாடல்களின் சாரம் 1950களின் பிற்பகுதியில் ஜாஸ் இசைக்குள் மிகுதியாய் வந்து சேர்ந்தது. அடிமைப்பட்டு அல்லலுற்றோரின் வழித்தோன்றல்கள் ஆக்கிய இசை அஃது. ஆர்ட் பிளேக்கி குழுவினர் 1958இல் ஒலிப்பதிவு செய்த 'மோனின்' என்பதைக் கேளுங்கள். ஒரு வாத்தியம் ஓரடி சொல்ல, ஏனையவை சேர்ந்து மறுமொழி கூறும். நம் பஜனையிலே ஒருவர் எடுத்துக் கொடுக்கப் பலர் ஏற்றுப் பாடுவதுபோன்ற அமைப்பு அன்றோ இது! ஜிம்மி சிமித் 1960இல் ஒலிப்பதிவு செய்த 'பேக் அற் த சிக்கன் ஷக்' என்னும் தட்டும் இவ்வகையினதே. ஓர்கன் வாத்தியத்தைக் கையால் வாசித்தவாறே, கீழ்ச்சுரங்களைக் காலால் மிதித்து எழுப்பும் வல்லமை அவருடையது.

இவ்வகையிலிருந்து கலப்பிசைக்குப் பாலம் அமைத்தவருள் ஒருவர் வியன்னாவிற் பிறந்த ஜோ சவினுல். கனன்போல் அடர்லி குழுவினருக்காக 'மேர்சி, மேர்சி, மேர்சி' என்னும் புகழ்பெற்ற உருப்படியை இயற்றியவர் அவரே. 1969இல் மைல்ஸ் டேவிஸ் வெளியிட்ட 'இன் எ சைலன்ற் வே' என்னும் தட்டின் தலைப்பு இசையும் அவருடைய ஆக்கம். அத்தட்டின் ஒவ்வொரு பக்கமும் ஒரே நீண்ட ஓட்டமாய் அமைந்தது. ஆரவாரம் அதில் இல்லை. இரவிலே விளக்கணைத்துவிட்டுக் கேட்கத்தக்கது. அதிற் கிற்றார் வாசித்த ஆங்கிலேய இளைஞர் ஜோன் மக்லாக்லின். அவரைத் தொடர்ந்து சென்றால் நம் ஊர் வாசலுக்கே வந்து சேர்வோம்.

வயலின் வித்துவான் வி. லக்ஷ்மிநாராயணா யாழ்ப்பாணத்திலே இசை கற்பித்து வந்தவர். பக்கவாத்தியமாய் இருந்த வயலினைத் தனிவாத்தியமாய் உயர்த்த வேண்டும் என்பது அவர் கொள்கை. அவருடைய மைந்தர் எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம், எல். சங்கர் ஆகியோர் யாழ்ப்பாணத்திலே வளர்ந்து அவரிடமே பயின்றனர். 1958ஆம் ஆண்டின் இனக் கலவரத்தின் பின் அக்குடும்பம் இலங்கையை விட்டுச் சென்னைக்குப் பெயர்ந்தது. இளையவரான சங்கர் பின்னர் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கே கலாநிதி எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றவர் முன் சொன்ன மக்லாக்லின். இருவர் நட்பினின்றும் பிறந்ததே 'சக்தி' என்னும் குழு. சாகிர் உசேனின் தபேலாவும், 'விக்கு' விநாயக்ராமின் கடமும், ஆர். இராகவனின் மிருதங்கமும் அவர்களோடு சேர்ந்தன. 1975 யூலை 5ஆம் நாள் நியூயோர்க் மாநிலத்தில் நிகழ்ந்த கச்சேரியே அவர்களது முதல் தட்டாக 1976இல் வெளிவந்தது. அதில் முதலில் வரும் 'ஜோய்' பதினெட்டு நிமிடம் புயல்போல் வீசும். புதியவர்கள் அதனைப் பிறகு கேட்கலாம்; நடுவிலுள்ள 'லோட்டஸ் ஃபீற்' என்னும் ஐந்து நிமிட உருப்படியிலே தொடங்குவது நன்று. அடுத்த தட்டான 'எ ஹான்ட்புல் ஒஃப் பியூட்டி' 1976இலும், 'நச்சுரல் எலிமென்ற்ஸ்' 1977இலும் வந்தன. மூத்தவர் சுப்பிரமணியம் பிரெஞ்சு வயலின் மேதை ஸ்ரெபான் கிரப்பெலியோடு வாசித்த 'கொன்வர்சேஷன்ஸ்' (1984) மற்றொரு நல்விருந்து.

சக்திக் குழு பின்னர் விநாயக்ராமின் மைந்தர் செல்வகணேஷ், பாடகர் சங்கர் மகாதேவன், வயலின் கணேஷ் ராஜகோபாலன் ஆகியோருடன் 2023இல் 'திஸ் மோமன்ற்' என்னும் தட்டை வெளியிட்டு, 2024இல் கிராமி விருதும் பெற்றது. அவ்வாண்டு டிசெம்பர் 15ஆம் நாள் சாகிர் உசேன் மறைந்தார். அவரது தபேலாவின் முதிர்ந்த மொழியை அத்தட்டிலே கேட்கலாம்.

நிற்க, வன்னி மக்களுக்கு இக்கதை ஏன் வேண்டும்? 1990களிலே மின்சாரமின்றிச் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் நாம். 2008, 2009ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வுகளிலே வானொலிப்பெட்டிகளும் ஒலிநாடாக்களும் வீடுகளோடு போயின. 'இனி என்ன பாட்டும் கூத்தும்?' எனச் சோர்ந்தோர் பலர். சோர்வுக்குக் காரணம் இருந்தது. அதனை நாம் குறைகூறோம். ஆயினும் 1958இல் ஊர்விட்டுப் போன ஒரு குடும்பத்தின் பிள்ளைகள், தந்தையிடம் கற்ற பயிற்சி ஒன்றையே முதலாகக் கொண்டு உலகத்தாரோடு சரியாசனத்தில் அமர்ந்து வாசித்தனர். பொருள் அழியும், முறையாய்ப் பெற்ற பயிற்சி அழியாது. நம் பிள்ளைகள் அறிய வேண்டியது இதுவே.

பெற்றோர்க்கு ஒரு சொல்: பிள்ளை கிற்றார் கேட்கின்றான் என்று கடிந்துகொள்ளாதீர். மாணவர்க்கும் ஒரு சொல்: கலப்பிசை கேட்டதனால் மிருதங்க வகுப்பை விட்டுவிடாதீர். கலப்பதற்கு முதலிற் கையிலே ஒன்று இருத்தல் வேண்டும். மக்லாக்லின் வீணை பயிலாமல் சக்தியைத் தொடங்கினாரல்லர். விநாயக்ராம் தம் கடத்தைக் கைவிட்டு அதிற் சேர்ந்தாரல்லர்.

இத்தட்டுகள் யாவும் இன்று கைத்தொலைபேசியிலேயே கிடைக்கின்றன. ஆனால் காதிற் குமிழ் செருகித் தனியே கேளாமல், ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு பக்கத்தையாவது குடும்பத்தோடு இருந்து கேளுங்கள். தாளம் தெரிந்த பாட்டனார் எண்ணிக்கை சொல்லட்டும். வாத்தியங்களின் பெயரைப் பேரன் சொல்லட்டும். இருவரும் ஒருவர்க்கொருவர் ஆசிரியராவர்.