நடவுக்கு வந்த கூட்டம் வாய்தாவுக்கு வரல

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் ஒரு குழந்தையைக் கொன்னுட்டாங்கன்னு சேதி வந்தா அடுத்த ஒரு மணி நேரத்துல என்ன நடக்கும்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். டீக்கடையில முதல் கேள்வி, "எந்த ஊரு?" ரெண்டாவது கேள்வி, "எந்த ஆளுங்க?" மூணாவதா ஒருத்தர் போனை நீட்டுவார், "வீடியோ பாத்தியா?" பெத்தவங்க எப்படி இருக்காங்க, கூடப் பிறந்த புள்ளைங்களை யார் பாத்துக்கிறாங்கன்னு கேக்குற ஆளு கடைசியாத்தான் வருவார். சில நாள் வரவே மாட்டார்.

இந்த வரிசையைப் பத்தித்தான் இன்னிக்கு எழுதணும்.

2020 மே 10, ஞாயிற்றுக்கிழமை. கொரோனா ஊரடங்கு காலம். திருவெண்ணெய்நல்லூர் பக்கத்தில் சிறுமதுரையில், பத்தாம் வகுப்பு படித்த ஒரு பெண்ணை வீட்டில் தனியாக இருந்தபோது கை, கால்களைக் கட்டி, பெட்ரோல் ஊற்றி எரித்தார்கள். மறுநாள் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் அவள் இறந்துபோனாள். கைதான இரண்டு பேரும் அப்போது ஆளுங்கட்சியாக இருந்த அதிமுகவின் உள்ளூர் ஆட்கள். குடும்பத்தோடு முன்விரோதம் என்றார்கள். கட்சி அவர்களை நீக்கியது. முதலமைச்சராக இருந்த எடப்பாடி பழனிசாமி 5 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தார்.

அதே நாட்களில், கருகிய உடம்போடு அந்தப் புள்ளை பேசுற வீடியோ தமிழ்நாடு முழுக்கப் போச்சு. குடும்ப குரூப்பு, உழவர் குரூப்பு, பள்ளிக்கூட குரூப்பு எதுவும் பாக்கியில்ல. 'நீதி வேண்டும்'னு எழுதி அவ படத்தையும் பேரையும் போட்டு லட்சக்கணக்கான பேர் பகிர்ந்தாங்க.

ஒரு விஷயத்தை நேர்மையா சொல்லிடணும். அந்தச் சத்தமே இல்லாம இருந்திருந்தா, ஆளுங்கட்சிக்காரங்க பேர் அடிபட்ட வழக்கு அவ்வளவு வேகமா நகர்ந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். ஏழை வீட்டுப் புள்ளை செத்தா ஸ்டேஷன்ல புகார் வாங்குறதுக்கே அலைய விடுற நாடு இது. வெளியில இருந்து பத்து பேர் பாக்குறாங்கன்னு தெரிஞ்சாத்தான் சில நாற்காலி அசையும். அதனால "ஆன்லைன்ல கத்துறதெல்லாம் வீண்"னு சொல்ற ஆளு நான் இல்ல.

ஆனா நடவு அன்னிக்கு ஆள் வரும். பாட்டு, டீ, வடைன்னு கழனி கலகலன்னு இருக்கும். மறுநாள்ல இருந்து ராத்திரி தண்ணி கட்ட, களை பறிக்க, எலி பாக்க நீ ஒருத்தன்தான் வரப்புல நிக்கணும். பயிர் விளையுறதும் காயுறதும் அந்தத் தனி ஆளு கையிலதான் இருக்கு. கொலை வழக்கும் அப்படித்தாங்க. சத்தம் ஒரு வாரம், வழக்கு வருஷக்கணக்கு. விழுப்புரம் கோர்ட்டுல வாய்தா மேல வாய்தா விழும்போது, கூலியை விட்டுட்டு பஸ் ஏறி வந்து மரத்தடியில உக்காந்திருக்கிற அப்பா அம்மாவோட யாரு இருக்காங்க? ஹேஷ்டேக் போட்டவங்களும் இல்ல, ஊர்க்காரங்களும் இல்ல.

முதல்ல ஊரைப் பத்திப் பேசலாம், நாம இருக்கிற இடம் அதுதானே.

'முன்விரோதம்'னு எஃப்.ஐ.ஆர்-ல ஒரு வார்த்தை வரும். படிக்கிறவங்களுக்கு அது காரணம். ஊர்ல இருக்கிறவங்களுக்கு அது பல வருஷமா கண் முன்னாடி நடந்த கதை. யாருக்கு யாரோட வரப்புத் தகராறு, கிணத்துப் பங்குல யாரு யாரை அடிச்சாங்க, தேர்தல்ல யாரு யாரை மிரட்டினாங்க, எல்லாமே ஊருக்குத் தெரியும். "அவங்க பிரச்சனை, நமக்கெதுக்கு"ன்னு ஒதுங்கிப் பழகிட்டோம். பகை பெரியவங்க மேல தீர முடியாதப்போ அந்த வீட்டுக் குழந்தை மேல தீரும். இது புதுசு இல்ல.

கொலைக்கு அப்புறமும் அதே ஒதுக்கம்தான். பார்த்தவர் வீட்டில் பெரியவர்கள் சொல்லும் புத்தி, "கண்ணால பாத்தேன்னு எங்கயும் சொல்லாத." இதைக் கோழைத்தனம் என்று சென்னையிலிருந்து எழுதிவிடலாம். ஆனால் சாட்சி சொன்னவர் மறுநாளும் அதே தெருவில்தான் நடக்கணும், அதே மோட்டாரிலிருந்துதான் தண்ணி வாங்கணும், அதே ஆளின் நெல் மெஷினைத்தான் அறுவடைக்குக் கூப்பிடணும். அந்தப் பயம் உண்மையானது. அது உண்மை என்பதால்தான் அதை ஒருவர் தலையில் மட்டும் போடக் கூடாது. பத்து வீடு சேர்ந்து சாட்சிக்காரருக்குப் பக்கத்தில் நின்றால் மிரட்ட வருகிறவன் யோசிப்பான். தனி ஆளாக விட்டால் அவர் கூண்டில் ஏறி "எனக்கு எதுவும் தெரியாது" என்றுதான் சொல்லுவார். பிறழ்சாட்சி என்று பேப்பரில் வரும். நாமும் அவரைத் திட்டிவிட்டு டீ குடிப்போம்.

"எந்த ஆளுங்க?" என்ற கேள்விக்கு வருகிறேன். சாதிப் பகையால் குழந்தை கொல்லப்பட்டிருந்தால் அதைச் சாதிக் கொலை என்று சொல்லியே ஆகணும், மூடக் கூடாது. ஆனால் டீக்கடையில் அந்தக் கேள்வி எதுக்காகக் கேட்கப்படுகிறது? நாம அழலாமா, வேணாமான்னு முடிவு பண்றதுக்கு. செத்தது நம்ம ஆளு, கொன்னது வேற ஆளுன்னா சாலை மறியல். திருப்பி இருந்தா "போலீஸ் விசாரிக்கட்டும், அவசரப்படக் கூடாது". கட்சிக்காரங்களும் இதே கணக்கைத்தான் போடுறாங்க. ஊருக்கும் காலனிக்கும் நடுவுல இருக்கிற ரோடு, பிணத்துக்கு முன்னாடியும் அகலம் குறையறதில்ல.

இனி வெளியே இருந்து பார்க்கிறவர்கள்.

2022 ஜூலை 13-ஆம் தேதி, சின்னசேலம் பக்கம் கனியாமூரில் ஒரு தனியார் பள்ளி விடுதியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி இறந்துகிடந்தார். 2019-க்கு முன்னால் அதுவும் விழுப்புரம் மாவட்டம்தான். பெற்றோர் கொலை என்றார்கள், பள்ளி மறுத்தது. அவர்களுக்குப் பதில் கிடைப்பதற்குள் வாட்ஸ்ஆப் குரூப்புகள் மூலம் ஆள் திரண்டது. ஜூலை 17-ஆம் தேதி பள்ளி சூறையாடப்பட்டது, பேருந்துகள் எரிந்தன. ஒரு பேருந்தை டிராக்டரை விட்டு இடிக்கிற காட்சியை எல்லோரும் பார்த்தோம். மாணவர்களின் சான்றிதழ்கள் சாம்பலாயின. 300-க்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள்.

அந்தப் பெண்ணுக்கு இதனால் என்ன கிடைத்தது? நீதி கேட்டுத் தாய் நின்ற இடத்தில் கலவர வழக்கு வந்து உட்கார்ந்தது. யூடியூபில் ஆளாளுக்கு ஒரு பிரேதப் பரிசோதனை நடத்தினார்கள். ஊடகங்கள் தனியாக ஒரு விசாரணை நடத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமே எச்சரிக்க வேண்டியிருந்தது. வீடியோ போட்டவருக்கு வியூஸ் வந்தது. டிராக்டர் ஓட்டியவர், கல் எறிந்தவர், வேடிக்கை பார்த்துச் செல்ஃபி எடுத்தவர் வீடுகளுக்குப் போலீஸ் வந்தது. தூண்டிவிட்டவர் ஏதோ ஒரு நகரத்தில், ஜாமீனுக்கு அலைந்தவர்கள் நம்ம ஊர் அம்மாக்கள்.

கோபம் திசை தெரியாமல் போனால் இதைவிட மோசமாகவும் முடியும். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த சென்னைக் குடும்பம் ஒன்று வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிக்கிறவங்கன்னு வாட்ஸ்ஆப் வதந்தியை நம்பிய கூட்டம் அடித்ததில் 65 வயது அம்மா ஒருவர் இறந்தே போனார். குழந்தைக்கு ஆபத்து எப்போதும் வெளியூர்க் காரில் வரும் என்று நம்புவது நமக்குச் சௌகரியம். ஆனால் குழந்தைகள் மீதான பாலியல் வழக்குகளில் பெரும்பாலும் தெரிந்த ஆளே குற்றம் சாட்டப்படுகிறார் என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு வருஷா வருஷம் சொல்கிறது. சிறுமதுரை வழக்கில் கைதானவர்களும் எங்கிருந்தோ வந்தவர்கள் இல்லை.

"கோர்ட்டு எதுக்கு, சுட்டுத் தள்ளு"ன்னு எழுதுறவங்களுக்கும் ஒரு வார்த்தை. 2019 டிசம்பரில் ஐதராபாத்தில் நான்கு பேரைப் போலீஸ் சுட்டபோது பூ தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022-இல் என்ன சொன்னது? தற்காப்பு என்ற கதை நம்பும்படி இல்லை, கொல்லும் நோக்கத்தோடே சுட்டார்கள், செத்தவர்களில் மூன்று பேர் 18 வயது நிரம்பாதவர்கள்.

இன்னொன்று நம்ம பக்கமே நடந்தது. 2017-இல் சென்னை போரூர் பக்கம் ஒரு சின்னக் குழந்தை கொல்லப்பட்டது. நாடே கொதித்தது. 2018 பிப்ரவரியில் செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் தூக்குத் தண்டனை கொடுத்தது, உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. நாம் கதை முடிந்தது என்று எழுந்துபோனோம். 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த ஆளை விடுதலை செய்தது. பெரிய ஆதாரமாகச் சொல்லப்பட்ட சிசிடிவி பதிவு நீதிமன்றத்தில் முறைப்படி நிரூபிக்கப்படவில்லை, அவருக்கு உரிய நேரத்தில் வக்கீல் கொடுத்து நியாயமாக விசாரணை நடத்தவில்லை என்றது. திரும்பவும் ஒரு வாரம் திட்டு. எட்டு வருஷமாக ஆதாரம் ஒழுங்காக இருக்கிறதா என்று எத்தனை பேர் பார்த்தோம்? அவசரமாக வாங்கின தண்டனை, ஈரத்தோட மூட்டை கட்டின நெல்லு மாதிரி. உள்ளுக்குள்ள முளைச்சிடும்.

அந்தப் புள்ளைங்க பேர் எதையும் நான் இங்க எழுதல. 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி, குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தையின் பேர், படம், முகவரி, பள்ளி எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. 2018-இல் காஷ்மீர் கத்துவா குழந்தையின் பேரைப் போட்ட ஊடகங்களிடம் டெல்லி உயர் நீதிமன்றம் ஆளுக்கு 10 லட்சம் ரூபாய் வசூலித்தது. சட்டத்தை விடுங்க. உயிரோட இருக்கிற தம்பி தங்கச்சி நாளைக்குப் பள்ளிக்கூடம் போகணும். "அந்த வீடியோவுல இருந்தது உங்க அக்காவா?"ன்னு ஒரு பையன் கேட்டா அந்தக் குழந்தை என்ன சொல்லும்? சாகுற நேரத்துல அவ சொன்னதை மாஜிஸ்திரேட் எழுதினா, அது மரண வாக்குமூலம், கோர்ட்டுல நிக்கும். நம்ம போன்ல வந்த வீடியோ எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கேள்வி கேக்கத்தான் உதவும்.

அப்போ என்னதான் பண்றது? சின்னச் சின்ன வேலைகள் இருக்கு, ஊர்லயே பண்ணலாம்.

குடும்பத்துல படிச்ச ஆள் இல்லன்னா, படிச்ச ஒருத்தர் எஃப்.ஐ.ஆர் நகலை வாங்கி ஒரு ஃபைல் போட்டு வைக்கணும். புது நாகரிக் சுரக்ஷா சட்டப்படி, விசாரணை எந்த நிலையில இருக்குன்னு 90 நாளுக்குள்ள பாதிக்கப்பட்டவங்களுக்குப் போலீஸ் சொல்லியாகணும். அதைப் போய்க் கேக்கணும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பாக்காம இலவசமா வக்கீல் தரும், இழப்பீட்டு மனுவுக்கும் அங்கதான் வழி. சாட்சிக்கு மிரட்டல் வந்தா 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் இருக்கு, பாதுகாப்பு கேட்டு மனு போடலாம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஊர்ல இருந்து ரெண்டு பேர் முறை வச்சுக் கூடப் போகணும். ஏரித் தண்ணிக்கு முறை வைக்கத் தெரிஞ்ச நமக்கு இது தெரியாதா? அன்னிக்கு அந்த வீட்டு ஆட்டை, மாட்டை ஒருத்தர் பாத்துக்கணும். கூலி போன நாளுக்கு ஊர் பணத்துல இருந்து கொடுக்கணும். கெடா வெட்டுக்கு வரி வசூல் பண்ற ஊர்தானே நாம.

கொலைக்கு முன்னாடி செய்ய வேண்டியதும் இருக்கு. ஒரு வீட்டுப் பகை முத்துதுன்னு தெரிஞ்சா, "அவங்க பிரச்சனை"ன்னு போகாம அந்த வீட்டுக் குழந்தைங்க மேல ஒரு கண்ணு வைங்க. தனியா விட்டுட்டுப் போகாதீங்க, நாங்க பாத்துக்கிறோம்னு பக்கத்து வீட்டுக்காரங்க சொல்லணும். 1098-க்குக் கூப்பிட யாரோட அனுமதியும் வேணாம்.

அடுத்த தடவை சேதி வரும்போது, டீக்கடையில "எந்த ஆளுங்க?"ன்னு யாராவது கேட்டா, திருப்பி ஒரு கேள்வி கேளுங்க: "வாய்தாவுக்கு யாரு கூடப் போறது?"