டோக்கன் விலை இறங்கிய பிறகும் நிற்பவர்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டி அரை மணி நேரம் தெற்கே போனால் காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் வரும். அதையடுத்து பிள்ளைச்சாவடியில் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். மரக்காணத்துக்கு மேற்கே திண்டிவனத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி. இவற்றில் படித்து முடிக்கும் பிள்ளைகள் வேலை தேடிச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போகிறார்கள். பிளாக்செயின் நிறுவனங்களும் அங்கே கடை விரித்துத்தான் ஆள் தேடுகின்றன. இந்தக் கரைக்கு அவை வர வேண்டும் என்கிறேன். ஊர்ப்பாசத்தால் அல்ல, அவற்றின் நலனுக்காகவே.

பிளாக்செயின் நிறுவனம் தன் ஊழியர்களை மட்டும் வைத்துக்கொண்டு வளர முடியாது. சங்கிலியை அது அமைக்கலாம். அதன்மேல் ஓடும் செயலிகளை எழுத வேண்டியவர்கள் வெளியாட்கள். சம்பளப் பட்டியலில் இல்லாத அவர்கள் தாமாக வர வேண்டும், வந்தபின் தங்க வேண்டும். வருவதில் குறையில்லை. எலெக்ட்ரிக் கேபிடல் நிறுவனத்தின் கணக்குப்படி 2024இல் கிரிப்டோ துறைக்குப் புதிதாக வந்த நிரலாளர்களில் 17 சதவீதம் பேர் இந்தியர்கள். வேறெந்த நாட்டையும் விட அதிகம். தங்குவதில்தான் சிக்கல்.

பாலிகன் என்ற பிளாக்செயின் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். ஜெயந்தி கனானி, சந்தீப் நைல்வால், அனுராக் அர்ஜுன் மூவரும் 2017இல் ‘மேட்டிக்’ என்ற பெயரில் தொடங்கியது. எத்தீரியம் என்ற பிளாக்செயினில் நெரிசலும் கட்டணமும் ஏறிக்கொண்டிருந்த காலம். எத்தீரியத்துக்கு எழுதிய நிரலைப் பெரிதாக மாற்றாமல் குறைந்த கட்டணத்தில் ஓட்டலாம் என்ற வசதியை அவர்கள் தந்தார்கள். நிரலாளர்கள் திரண்டதற்கு முதற்காரணம் அதுதான். விளம்பரமெல்லாம் அதற்குப் பின்புதான். 2022 பிப்ரவரியில் 45 கோடி டாலர் முதலீடு வந்தது. அடுத்த பிப்ரவரியில் ஏறத்தாழ 100 பேரை, அதாவது ஐந்தில் ஒருவரை, வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த ஆண்டுக்குள் மூன்று நிறுவனர்களில் இருவர் விலகினார்கள். சந்தை ஏறும்போது ஆளெடுத்து, இறங்கும்போது அனுப்புகிற அணியில் அனுபவம் தேங்குவதில்லை.

எத்தீரியத்தின்மேல் அமைந்த ஐகன்லேயரின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. அதைத் தொடங்கிய ஸ்ரீராம் கண்ணன் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். அண்ணா பல்கலைக்கழக மாணவர்கள் உருவாக்கிய ‘அனுசாட்’ செயற்கைக்கோள் பணியில் இருந்தவர். மாணவர்களை நம்பி ஒரு செயற்கைக்கோளை ஒப்படைத்தார்கள். 2009 ஏப்ரலில் அது விண்ணுக்குப் போனது. திறமை அப்படித்தான் ஊறுகிறது. ஆனால் அதே ஐகன்லேயர் 2024 ஏப்ரல் இறுதியில் தன் கிரிப்டோ நாணயமான டோக்கனின் பங்கீட்டை அறிவித்தபோது, சில நாடுகளில் இருப்பவர்களுக்குக் கிடையாது, பெற்றவர்களும் உடனே கைமாற்ற முடியாது என்றதும் பயனர்கள் கொதித்தார்கள். சில நாட்களிலேயே ஆளுக்குக் கூடுதலாக 100 டோக்கன் தர வேண்டியதாயிற்று. பங்கு கேட்டுக் கூடிய கூட்டம் பங்கைத்தான் பேசும். அதைச் சமூகம் என்று எண்ணி நிறுவனங்கள் ஏமாறுகின்றன.

உண்மையான சமூகத்தைப் பார்க்க வெளிநாடு போக வேண்டாம். மரக்காணம் அடங்கிய விழுப்புரம் மாவட்டத்திலேயே, பத்தாண்டுக்கும் மேலாக விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழு இயங்குகிறது. கிராமத்து மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைத் தமிழில், காசு வாங்காமல் கற்றுக்கொடுக்கிறார்கள். 2012இல் தொடங்கிய கணியம் இதழும் தமிழில் தொழில்நுட்பம் எழுதிக் குவித்திருக்கிறது. இவர்களிடம் டோக்கனும் இல்லை, பெருமுதலீடும் இல்லை. ‘எர்ரர் வருது அண்ணா’ என்று கேட்டால் உட்கார்ந்து பதில் சொல்ல ஓர் அண்ணனோ அக்காவோ இருக்கிறார்கள், இருப்பதெல்லாம் அதுதான். முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருவரைத் துறையில் நிலைக்கவைப்பது அந்தப் பதில். பிளாக்செயின் ஆவணங்களோ இன்றும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கிடக்கின்றன.

இங்கே பிளாக்செயினுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். உப்பளத்தையே பாருங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் பாத்தி மிதித்துச் சமன்செய்து, உவர்நீர் பாய்ச்சி, வடகிழக்குப் பருவமழை வரும்வரை உப்பு வாருகிறார்கள். மழை மாதங்களில் பிழைப்பில்லை. அந்த மாதங்களுக்கென்று தமிழ்நாடு அரசு 5,000 ரூபாய் தருகிறது. அதைப் பெற, தான் உப்பளத் தொழிலாளி என்பதற்குப் பதிவு வேண்டும். எத்தனை நாள் வேலை செய்தார், எத்தனை மூட்டை ஏறியது, கூலி எவ்வளவு என்ற கணக்கெல்லாம் அடுத்தவர் நோட்டில் இருந்தால், அவர் எதை எடுத்துக் காட்டுவார்?

பிளாக்செயின் எனும், யாராலும் கமுக்கமாகத் திருத்த முடியாத பதிவேடு இங்கே பயன்படும். ஆனால் பொய்யாகப் பதிந்ததும் அதில் அப்படியே நின்றுவிடும். ஆகவே முதல் வரியை யார் எழுதுகிறார் என்பதே முக்கியம்: மேஸ்திரி மட்டுமா, வேலை செய்த பெண்ணும் சேர்ந்து ஒப்புதல் தருகிறாரா? நாளெல்லாம் உப்புநீரில் நின்றவரின் விரல்ரேகையைக் கருவி ஏற்குமா? வீட்டுக்கு ஒரு போன்தான் என்றால் அது பகலில் யார் கையில் இருக்கும்? பெங்களூரில் அமர்ந்து வடிவமைப்பவருக்கு இவை தோன்றா. உப்பளக் குடும்பத்தில் பிறந்து திண்டிவனத்தில் படித்த பொறியாளருக்கு இவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அணி, சமூகம், நிரலாளர் வட்டம் என்று மூன்று துறைகளாக நிறுவனங்கள் பிரித்துவைத்திருப்பது அவர் ஒருவரிடத்தில் ஒன்றாகிவிடுகிறது.

அரசுக்கும் பங்கு உண்டு. 2020இல் தமிழ்நாடு தனக்கென ஒரு பிளாக்செயின் கொள்கையை வெளியிட்டது. ‘நம்பிக்கை இணையம்’ என்ற அரசுச் சங்கிலியையும் அமைத்தது. சான்றிதழ்களைக் காக்க அது உதவும். அந்தச் சங்கிலியில் வெளியார் எழுதிய செயலிகள் எத்தனை ஓடுகின்றன என்பதை வைத்தே அதன் வளர்ச்சியை நான் அளப்பேன். மாணவர்கள் தவறு செய்து பழக ஒரு சோதனைத் தளம், தமிழில் ஆவணங்கள், கேள்விக்குப் பதில் தரும் பொறுப்பாளர் ஒருவர் என இவற்றுக்குப் பெருஞ்செலவு ஆகாது. டோக்கனே தேவையில்லை என்பதால், 2022 முதல் நிறுவனங்களைத் துபாய்க்கு விரட்டும், கிரிப்டோ வருமானத்தின் மீதான 30 சதவீத வரிச் சிக்கலும் இங்கே எழாது.

புதிதாகத் தொடங்கும் நிறுவனம் முதல் பத்துப் பேரை எடுக்கும்போது, சமூக ஊடகத்தில் பரபரப்பு கிளப்புபவருக்கு முன்பாகத் தமிழில் கற்பிக்கத் தெரிந்த ஒருவரை எடுக்கட்டும். அவருக்குத் திண்டிவனத்தில் ஓர் அறையும், இரண்டு உப்புப் பருவத்துக்கான சம்பளமும் ஒதுக்கட்டும். முதல் பருவம் மரக்காணத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளவே சரியாகிவிடும். நிரல் எழுதுவது இரண்டாம் பருவத்தில்தான்.