கடலில்லா ஊரின் கவலை

ஓமந்தையிற் கடல் இல்லை. கண்டி வீதியும் குளங்களும் வயல்களுமே உள. ஆயினும் மன்னார் மீன் எங்கள் அடுக்களைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றது. ஆகவே, “கடல் கெட்டால் எமக்கென்ன?” என்னும் நண்பர்களோடு நான் உடன்படேன்.

2021 மே மாதத்திற் கொழும்புக் கடலில் ‘எக்ஸ்-பிரஸ் பேர்ள்’ கப்பல் தீப்பற்றியது. அதிலிருந்த பிளாஸ்டிக் மணிகள் ஏறத்தாழ 1,680 தொன். பருப்பளவான அம்மணிகள் மிதந்து வந்து மேற்குக் கரையிற் குவிந்தன. 2025 மே மாதத்திற் கேரளத்துக்கு அப்பால் ‘எல்சா 3’ மூழ்கியது. அடுத்த மாதமே மன்னார்க் கரையிலும் மணிகள் ஒதுங்கின. மணலை அரித்துப் பொறுக்கினார்கள், மெச்சத்தக்க பணிதான். ஆனால், வெயிலும் அலையும் நொறுக்கிய நுண்துகளை எந்த அரிதட்டுப் பிடிக்கும்? மீன் அதனை இரையென்றே விழுங்குகின்றது.

2025 யூலையில் உயர் நீதிமன்றம் முதற் கப்பலின் நிறுவனத்தாருக்கு நூறு கோடி டொலர் இழப்பீடு விதித்தது. நியாயமே. எனினும், கரை துப்புரவாயிற்று என்று கணக்கை மூடிவிடுதல் தகாது. கரையோர மேல்நீரைப் பருவந்தோறும் அள்ளிச் சோதித்து, முடிவை மீன் வாங்கும் எங்களுக்கும் தமிழில் அறிவித்தல் வேண்டும். அதற்கு வவுனியாவிலேயே 2021 முதல் ஒரு பல்கலைக்கழகம் இருக்கின்றது.