கோபுரமா, முகங்களா?



பள்ளி ஆண்டு மலருக்கு வகுப்புப் படம் எடுப்போர், சாந்தோம் பேராலயத்தின் 155 அடிக் கோபுரம் முழுவதையும் பின்னணியில் அடக்க விரும்புகின்றனர். அதற்காகப் பின்னோக்கிச் செல்லச் செல்ல, பிள்ளைகளின் முகங்கள் கடுகாய்ச் சிறுத்துவிடுகின்றன. 1896 முதல் நிற்கும் கோபுரம் அடுத்த ஆண்டும் நிற்கும், இம்முகங்களோ மாறிவிடும்.

காலையில் கடற்புறத்து வெயிலை நோக்கி நிறுத்தினால் கண் கூசும். மரத்தடியில் முகமெங்கும் புள்ளி நிழல் விழும். கட்டடத்தின் மேற்குப்புற நிழலே ஏற்றது. உயரம் குறைந்தோரை முன்வரிசையில் அமர்த்துங்கள். யாரேனும் இமைத்திருக்கக்கூடும், ஆகவே ஐந்தாறு படங்கள் எடுத்தல் நன்று. வரிசைப்படி எல்லாப் பெயர்களையும் அச்சிடுங்கள். அன்று வர இயலாத பிள்ளையின் படத்தையும் தவறாது சேர்த்துவிடுங்கள். நல்லாயன் தொண்ணூற்றொன்பதோடு நிறைவடையவில்லை அன்றோ?