வாயில்லா ஜீவன்களின் மருத்துவர்கள்

“பெரியவளானதும் என்னவாகப் போகிறாய்?” என்று நம் பள்ளியில் எந்த வகுப்பில் கேட்டாலும், பாதிப் பேராவது “டாக்டர்” என்று எழுந்து நிற்பார்கள். எந்த டாக்டர் என்று மேலும் கேட்டால் இதய டாக்டர், கண் டாக்டர், குழந்தை டாக்டர் என்று பட்டியல் நீளும். அந்தப் பட்டியலில் கால்நடை மருத்துவருக்கு இடம் கிடைப்பது அரிது. தப்பித் தவறி ஒருத்தி சொல்லிவிட்டால், “மாட்டு டாக்டரா?” என்று வகுப்பே சிரிக்கும். வீட்டில் சொன்னாலும் அதே சிரிப்புத்தான். அங்கே கூடவே ஒரு பெருமூச்சும் சேர்ந்துகொள்ளும். “நல்ல மார்க் எடுக்கிற பிள்ளை, இதற்கா ஆசைப்பட வேண்டும்?”

இந்தச் சிரிப்பும் பெருமூச்சும் நியாயமானவை அல்ல என்பதே எங்கள் கருத்து. கால்நடை மருத்துவம் என்பது மனித மருத்துவத்தில் இடம் கிடைக்காதவர்கள் ஒதுங்கும் திண்ணை அன்று. அது தனக்கென ஓர் அறிவும், தனக்கென ஒரு துணிவும் வேண்டும் தொழில். அதற்கு நம் பள்ளியிலிருந்தும் மாணவியர் செல்ல வேண்டும். பெருமையோடு செல்ல வேண்டும்.

வெறும் பேச்சாக இதைச் சொல்லிவிடக் கூடாது அல்லவா? ஆகவே தலைமையாசிரியை அருட்சகோதரியின் அனுமதி பெற்று, நாங்கள் சிலர் சில சனிக்கிழமைகளில் நம் ஊர் அரசு கால்நடை மருத்துவமனைக்குச் சென்று வந்தோம். ஊரார் வாயில் அது ‘மாட்டாஸ்பத்திரி’. அங்குள்ள மருத்துவர்கள் மூவரிடமும், “நீங்கள் எந்த வீட்டிலிருந்து வந்தீர்கள்? ஏன் இந்தப் படிப்புக்கு வந்தீர்கள்?” என்று கேட்டோம். தங்கள் பெயர் வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் பெயரைச் சொல்லவில்லை.

மூத்த மருத்துவர் மாடு வளர்த்த வீட்டுப் பிள்ளை. காலையில் பால் கேனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்ச் சொசைட்டியில் ஊற்றிவிட்டுத்தான் பள்ளிக்குக் கிளம்புவாராம். சீருடை, புத்தகம், அக்காவின் திருமணம் எல்லாம் அந்தப் பால் பணத்தில்தான் நடந்தன. தன் மகனாவது சாணி நாற்றத்திலிருந்து தப்ப வேண்டும் என்பது தந்தையின் ஆசை. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தி வந்தபோது, “மறுபடியும் மாட்டுக்கிட்டயேதான் போறியா?” என்று கேட்டாராம். இன்று அந்தக் கிராமத்தில் யார் வீட்டு மாட்டுக்கு நோவு வந்தாலும், மகனுக்குப் போன் போடச் சொல்லி முதலில் அந்தத் தந்தையைத்தான் தேடி வருகிறார்களாம்.

இரண்டாமவர் ஒரு பெண்மணி. பெற்றோர் இருவரும் ஆசிரியர்கள். கல்லூரிக்குப் போகும்வரை மாட்டின் அருகில் நின்றதே இல்லை. எம்.பி.பி.எஸ். படிப்புக்குச் சிறிதளவு மதிப்பெண் குறைந்ததால் இங்கு வந்தவர். “முதல் வருஷம் அழுதுகொண்டே படித்தேன். கடைசி வருஷத்தில் யாராவது வந்து எம்.பி.பி.எஸ். இடம் தருகிறேன் என்றிருந்தாலும் போயிருக்க மாட்டேன்” என்றார். ஏன் என்று கேட்டோம். “மனிதர்கள் எங்கே வலிக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். இதுகள் சொல்லாது. அசை போடுகிறதா, மூக்கு நுனி ஈரமாக இருக்கிறதா, காது சில்லிட்டிருக்கிறதா, சாணம் எப்படி இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து நாமே கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் கண்டுபிடிப்பில் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்துவிட்டது” என்று சிரித்தார்.

மூன்றாமவர் இளைஞர். அவருடைய தாத்தா ஒரு கீதாரி. அறுவடை முடிந்த வயல்களில் ஆட்டுக் கிடை போட்டு, ஊர் ஊராய் நடந்து பிழைத்தவர். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இவர்தான். ஆடுகளின் நோய்களைத் தாத்தா சொன்ன பெயர்களில் சிறு வயதிலேயே அறிந்தவர். அவற்றின் ஆங்கிலப் பெயர்களைப் பிறகு வகுப்பில் படித்தார். “தாத்தா சொன்னதில் சரியானவை பல, தவறானவை சில. எது எது என்று பிரித்துத் தெரிந்துகொள்ளத்தான் படித்தேன்” என்றார். படிப்பின் பயனை இதைவிட எளிமையாகச் சொல்ல முடியுமா?

பாருங்கள் தோழியரே! ஒருவர் மாட்டுத் தொழுவத்திலிருந்து வந்தார்; ஒருவர் ஆட்டுக் கிடையிலிருந்து வந்தார்; ஒருவர் இரண்டையும் அறியாத வீட்டிலிருந்து வந்தார். ‘வேறு வழியில்லாமல் வந்தவர்கள்’ என்னும் பேச்சு மூவரில் ஒருவருக்குத்தான் பொருந்தும். அவருக்கும் முதல் வருஷத்துக்கு மட்டுமே பொருந்தும். ஒருவர் எந்த வாசல் வழியாக நுழைந்தார் என்பது பெரிதல்ல. நுழைந்தபின் என்ன ஆனார் என்பதே பெரிது.

அவர்கள் செய்யும் வேலை என்ன? ஒரு நாள் அந்தப் பெண் மருத்துவருடன் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்கு நாங்களும் போனோம். முந்தின நாள் கன்று ஈன்ற கறவை மாடு, கழுத்தை விலாப் பக்கம் மடித்துக்கொண்டு எழ முடியாமல் கிடந்தது. வீட்டுக்காரம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். ‘பால் காய்ச்சல்’ என்றார் மருத்துவர். பெயர்தான் காய்ச்சல், உடம்பு சுடாது, குளிர்ந்துதான் போகும். பால் சுரப்பதற்காகச் சுண்ணாம்புச் சத்து திடீரென இரத்தத்திலிருந்து இறங்கிவிடுவதால் தசைகள் சோர்ந்துவிடுகின்றன. கால்சியம் மருந்தை இரத்தக் குழாய் வழியே மெதுவாக ஏற்ற வேண்டும். அவசரப்பட்டு ஏற்றினால் இதயமே நின்றுவிடும். ஆகவே ஒரு கையில் மருந்துப் புட்டியும், மறு கையால் மாட்டின் நெஞ்சில் வைத்த ஸ்டெதஸ்கோப்புமாக அவர் மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். அரை மணிக்குள் அந்த மாடு தடுமாறி எழுந்து நின்று கன்றைத் தேடியது.

எல்லா நாளும் இப்படி முடிவதில்லை. வயிறு உப்பி வந்த மற்றொரு மாட்டை அவர்களால் காப்பாற்ற இயலவில்லை. அதன் இரைப்பையில் இருந்தவை நம் வீடுகளிலிருந்து போன பிளாஸ்டிக் பைகள். மிச்சச் சோற்றைப் பையில் வைத்து முடிச்சுப் போட்டு எறிகிறோமே, அந்த முடிச்சை மாட்டால் அவிழ்க்க முடியுமா? பையோடுதான் விழுங்கும்.

ஒரு மாடு என்றால் என்ன என்று நகரத்துப் பிள்ளைகள் கேட்கலாம். பழந்தமிழில் ‘மாடு’ என்ற சொல்லுக்கே செல்வம் என்று பொருள். வள்ளுவரும் அப்பொருளில் ஆண்டிருக்கிறார். இன்றும் அது மாறிவிடவில்லை. ஒரு கறவை மாட்டின் விலை பல பத்தாயிரம் ரூபாய். பெரும்பாலும் அது கடன் வாங்கி வாங்கியது. அதைக் கழுவி, தீனி வைத்து, பால் கறப்பவர் வீட்டுப் பெண்மணி. நம் பள்ளியிலேயே பால் பணத்தில் படிக்கும் மாணவியர் உண்டு. மாடு சாய்ந்தால் அந்த வீட்டின் வருமானம் சாய்கிறது. கடன் மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. முதலில் நிறுத்தப்படுவது யாருடைய படிப்பு? பெரும்பாலும் பெண் பிள்ளையின் படிப்புத்தான். எனவே மாட்டின் உயிரைக் காப்பவர் ஒரு சிறுமியின் பள்ளிக்கூடத்தையும் காக்கிறார் என்றால் அது மிகையாகாது.

இந்தத் தொழிலின் வரலாறும் சிறியதன்று. உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி 1761-இல் பிரான்சு நாட்டின் லியோன் நகரில் தொடங்கப்பட்டது. ஐரோப்பாவில் மாடுகளைக் கூட்டங்கூட்டமாக வாரிக்கொண்டு போன வெக்கை நோயை எதிர்க்க வேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. நம் மாநிலத்தில் 1903-இல் சைதாப்பேட்டையில் தொடங்கிய கல்லூரி, 1905-இல் வேப்பேரிக்கு மாறி இன்றும் அங்கே நடக்கிறது. 1989-இல் கால்நடை மருத்துவத்துக்கென்றே தனிப் பல்கலைக்கழகமும் நம் மாநிலத்தில் உருவாயிற்று. அந்த வெக்கை நோய் என்ன ஆயிற்று? தடுப்பூசியைத் தூக்கிக்கொண்டு பட்டி பட்டியாக நடந்தவர்களின் உழைப்பால், 2011-இல் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பின் மனித முயற்சியால் அடியோடு ஒழிந்த நோய் இது ஒன்றுதான். பெரியம்மை ஒழிந்ததைப் பாடத்தில் படிக்கிறோம். வெக்கை ஒழிந்ததை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

“இருக்கட்டும், பெண்ணுக்கு இது சரிப்படுமா? அவ்வளவு பெரிய மாட்டை அவள் எப்படிப் பிடிப்பாள்?” என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு அந்தப் பெண் மருத்துவர் சொன்ன பதில்: “மாட்டோடு மல்லுக்கட்டினால் எந்த ஆம்பிளையும் ஜெயிக்க முடியாது. கயிறு போடத் தெரியணும், எங்கே நிற்கணும் என்று தெரியணும், மரத்துப்போக ஊசி போடத் தெரியணும்.” அதுமட்டுமன்று. ஆடு குட்டி போட முடியாமல் தவிக்கும்போது உள்ளே கைவிட்டுக் குட்டியைத் திருப்ப வேண்டியிருக்கும். அப்போது சிறிய கைதான் உதவும்! இன்னொன்றையும் கண்டோம். மாடு ஓட்டி வரும் பெண்கள் சினை, கருச்சிதைவு, மடிநோய் பற்றியெல்லாம் அவரிடம் கூச்சமின்றி விவரமாகச் சொல்கிறார்கள். நோயாளி பேசாதபோது, உடன் வருபவரின் பேச்சுத்தானே மருத்துவருக்குக் கண்?

பெண்களுக்கு இந்தக் கதவு எளிதில் திறக்கவில்லை என்பதும் உண்மை. அயர்லாந்தில் பிறந்த எய்லீன் கஸ்ட் என்ற பெண்மணி எடின்பரோவில் இப்படிப்பைப் படித்தார். தம் குடும்பத்துக்குச் சங்கடம் வேண்டாமென்று வேறு பெயரில் சேர்ந்து படித்தாராம். பெண் என்ற ஒரே காரணத்தால் அவரைத் தொழில்முறைத் தேர்வு எழுதவிடவில்லை. அவர் சோர்ந்து வீட்டில் உட்காரவில்லை. பட்டயம் இல்லாமலேயே கிராமங்களில் வைத்தியம் பார்த்தார். சட்டம் மாறியபின், 1922-இல் அவருக்குப் பட்டயம் வழங்கப்பட்டது; பிரிட்டனில் அதைப் பெற்ற முதல் பெண் அவரே. நம் அண்டை மாநிலமான கேரளத்தில், அழிந்துபோகும் நிலையிலிருந்த வெச்சூர்ப் பசு என்னும் குட்டை இனத்தை 1989 முதல் தேடிப் பிடித்துக் காப்பாற்றியவர் டாக்டர் சோசம்மா ஐப் என்ற பேராசிரியை. அவருடன் அலைந்து திரிந்து தேடியவர்கள் அவருடைய மாணவர்கள். 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. நம் முதுமலை, டாப்சிலிப் காடுகளில் யானைகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தியை ஜெயமோகன் எழுதிய ‘யானை டாக்டர்’ கதையின் மூலம் பலர் அறிவர். இவர்களையெல்லாம் எண்ணும்போது ‘மாட்டு டாக்டர்’ என்று சிரிக்க வாய் வருமா?

ஆனால் பூசி மெழுகவும் நாங்கள் விரும்பவில்லை. இது கடினமான வாழ்க்கை. நள்ளிரவில் போன் அடிக்கும். உதை விழும். நாய்க்கடியால் வரும் வெறிநோய்க்கு முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். கன்று வீசிய மாட்டைத் தொடும் கைக்கு அந்த நோய் தொற்றிக்கொள்வதும் உண்டு. மாறுதல் வந்தால் குடும்பம் இரண்டு ஊரில் இருக்க நேரும். ஐந்தரை ஆண்டுப் படிப்பு. அதன் பின்னும் உடைமாற்று உடை எப்போதும் பையில் இருக்க வேண்டும். இவற்றை அறிந்து, பிறகு விரும்பி வருபவளே வர வேண்டும். அறியாமல் சிரித்து ஒதுக்குவதுதான் தவறு. அறிந்தபின் வேண்டாம் என்பது அவரவர் உரிமை.

ஆகவே மூவரிடம் எங்கள் வேண்டுகோள். பெற்றோரே, உங்கள் மகள் விண்ணப்பப் படிவத்தில் கால்நடை மருத்துவத்தை முதலாவதாக எழுதினால், கடைசிக்கு மாற்றச் சொல்லாதீர்கள். “ஏன் விரும்புகிறாய்?” என்று கேளுங்கள், அவள் பதிலைக் கேட்டபின் முடிவு செய்யுங்கள். அருட்சகோதரியரே, உயர்கல்வி வழிகாட்டும் நாளில் பொறியாளர், வங்கி அலுவலர், மருத்துவர் வரிசையில் நம் ஊர்க் கால்நடை மருத்துவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். தோழியரே, உங்களில் யாராவது ஒருத்தி எழுந்து நின்று “மாட்டு டாக்டர்” என்று சொன்னால் கைதட்டுங்கள். தனக்காகப் பேச முடியாத உயிருக்காகப் படிக்கிறேன் என்று சொல்ல ஒருத்திக்குத் துணிவு வந்திருக்கிறது என்று பொருள்.

— பன்னிரண்டாம் வகுப்பு மாணவியர், உயிரியல் பிரிவு