பழைய போட் மோட்டாருக்கு ஆணி வைத்தியம் வேண்டாம்!

தோழர்களே, பூலாம்பட்டியிலிருந்து காவிரியைத் தாண்டி நெரிஞ்சிப்பேட்டை போக நம்ம மக்களுக்கு விசைப்படகுதான் குறுக்கு வழி. பைக்கையும் ஏத்திக்கிட்டுப் போறாங்க. நடு ஆத்துல மோட்டார் நின்னா, பைக் மாதிரி இறங்கித் தள்ள முடியுமா?

படகுக்குப் பின்னாடி மாட்டுற அவுட்போர்டு மோட்டார் பழசாயிட்டா தூக்கிப் போடணும்னு இல்ல. ஆனா ஒட்டுவேலை கூடாது. புரொப்பல்லர் பாறையில மோதினா தான் உடைஞ்சு கியரைக் காப்பாத்தத்தான் பல பழைய மோட்டார்ல ஷியர் பின் இருக்கு. அந்த இடத்துல இரும்பு ஆணியை அடிச்சு ஓட்டுனா அடுத்த அடி கியருக்குத்தான். கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தா, சீல் போய்த் தண்ணி உள்ள இறங்கியிருக்கு. ஆயிலை மட்டும் மாத்துனா பத்தாது. வெளிய பீச்சுற தண்ணி நின்னா உடனே ஆஃப் பண்ணிட்டு ரப்பர் இம்பெல்லரைப் பாருங்க. புரொப்பல்லர்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி ஸ்பார்க் பிளக் வயரைக் கழட்டணும். பெட்ரோல் ஆவி காத்தை விட கனம், படகு அடியிலேயே தேங்கும். பீடியோட வர்றவரை அப்படியே கரைக்கு அனுப்புங்க!

திருச்செங்கோட்டுல ரிக் வண்டியையே பிரிச்சு மேயுற மெக்கானிக்குங்க இருக்காங்க, திறமைக்குப் பஞ்சமில்ல. ஆனா மரைன் ஃபிட்டர் படிக்கணும்னா சென்னை, கொச்சின்னு சிஃப்நெட் வாசலுக்குப் போகணும். சேலம் அரசு ஐடிஐயில போட் மோட்டாருக்கு ஒரு குறுகிய காலப் பயிற்சி தொடங்கணும். இதுதான் நம்ம கோரிக்கை.

எடப்பாடி, மேட்டூர் தோழர்கள் இதைப் படகு ஓட்டுற அண்ணன்களுக்கு ஃபார்வர்டு பண்ணுங்க.